பாக்கிஸ் கையில் இருந்த காசு

“எடுத்தது நீங்கதான் அண்ணி. சாவு வீடாச்சேன்னு பாக்குறேன். இல்லேன்னா இந்நேரம் அந்த அலமாரியக் கவுத்துக் கொட்டியிருப்பேன்.”

“கொட்டிக்கோ. உள்ள உங்கண்ணனோட கம்பளி பனியன்தான் இருக்கு. வேணும்னா எடுத்துப் போட்டுக்கோ பரோரே. பொறந்ததுலேருந்து அவரு கழட்டிப் போட்டதுலதானே வளந்த.”

“கத்தி எங்கன்னு கேட்டா பனியனப் பத்திப் பேசுறாங்க, பாருங்க.”

பாக்கிஸைப் புதைத்துவிட்டு வந்து அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் அக்கம்பக்கத்துப் பெண்கள் சமைத்துக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பன்றிக்கொழுப்புப் போட்ட அவரைக்கொட்டைக் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். யார் வீட்டுக் குழம்பு என்று பாத்திரத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை. அதனால் இருவருமே உப்புப் போட்டுவிடுகிறார்கள். நான் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்லக்கூடிய பேச்சு அல்ல.

நிதானமாக, தொடக்கத்திலிருந்து சொல் என்றீர்கள் ஐயா. அதனால் குழம்பிலிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் நன்னெட்டு என்று எழுதிக்கொண்டுவிட்டீர்கள். எங்கள் ஊரிலிருந்து நுவோரோ நகரத்துக்குப் போகும் பஸ்ஸை ஓய்வு பெறும்வரை ஓட்டியவன் நான். யார் பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள், யார் பல் பிடுங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வேறெங்கோ போகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு முன் கண்ணாடியில் தெரியும். ஊர் என்னை வம்புக்காரன் என்று சொல்லும். சொல்கிற அதே ஊர்தான் ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் என் வீட்டுக் கதவைத் தட்டும்.

பாக்கிஸும் நானும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். வாடா போடா என்றுதான் இருந்தோம். அவர் மகள் மிகெலா பிறந்தபோது ஞானஸ்நானத்துக்கு என்னை ஞானத்தகப்பனாக நிற்கச் சொன்னார். பிள்ளையின் தலையில் பாதிரியார் தண்ணீர் ஊற்றிய அன்றிலிருந்து எங்கள் தீவின் வழக்கப்படி அவர் எனக்குக் கொம்பாரே, நான் அவருக்குக் கொம்பாரே. வாங்க, போங்க. அவர் மனைவி கிராஸியாவும் தம்பியும்கூட என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இதெல்லாம் விளையாட்டல்ல. ரத்த உறவுக்கு ஒரு படி கீழே, மற்ற எல்லாவற்றுக்கும் மேலே.

மறுபடி சண்டைக்கு வருகிறேன். பரோரே என்பவன் பாக்கிஸின் தம்பி, ஆட்டுப்பால் சீஸ் போட்டு விற்கிறவன். அவன் கேட்ட கத்தி சாதாரணக் கத்தி அல்ல. எங்கள் ஊரில் கால்சட்டை போடுகிற எல்லா ஆண்களிடமும் ஒரு மடக்குக்கத்தி உண்டு. பாக்கிஸிடம் இருந்தது வேறு. வளைந்த கிடாக்கொம்புப் பிடி, பழைய தேன் மாதிரி நிறம். அலகு எங்கள் மலையில் வளரும் மிர்த்துச் செடியின் இலை போலக் கூர்ந்து முடியும். அதை அடித்த கொல்லர் செத்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. அவர் பெயரின் முதலெழுத்துகள் அலகின் அடியில், ஒரு எறும்பு நடந்துபோன மாதிரி அவ்வளவு சிறியதாக இருக்கும். அவர் கையால் அடித்த கத்தி எங்கள் பக்கத்தில் வேறு யாரிடமும் இல்லை. கோடையில் வந்த ஒரு ஜெர்மன்காரன் அதற்குத் தருவதாகச் சொன்ன விலையைக் கேட்டதிலிருந்து பரோரேவுக்குத் தூக்கம் போயிருந்தது. இப்போது பிணத்தைக் கழுவும்போது பார்த்தால் பையில் கத்தி இல்லை.

“நீதான் அவருகிட்ட வித்துடு வித்துடுன்னு நச்சரிச்ச,” என்றாள் கிராஸியா. “இப்ப காணும்னதும் என்னக் கேக்குற.”

“நான் எடுத்திருந்தா உங்ககிட்ட வந்து கேப்பனா?”

“கேப்ப. நீ அதுவும் செய்வ.”

அதற்குப் பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஏப்ரன் பையிலிருந்து ஒரு காசை எடுத்து மேசைமேல், ரொட்டிக்கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஐம்பது லிராக் காசு.

“இது அவரு இடது கையில இருந்துச்சு. இறுக்கி மூடியிருந்தாரு. நான்தான் வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சேன்.”

உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரி கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரர், எங்கள் வழக்கம் தெரியாதவர். பிறகு காசைப் பார்த்துவிட்டு, காசு போடும் போனில் பேசுவதற்காக எடுத்திருப்பார் என்று எழுதிவைத்தார். அவர் செத்துக் கிடந்த திராட்சைத் தோட்டத்தில் ஏது போன்? எங்களில் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை. ஒருவர் கத்தியை இன்னொருவருக்குக் கொடுத்தால், வாங்குகிறவர் பதிலுக்கு ஒரு காசு தர வேண்டும். எவ்வளவு சின்னக் காசானாலும் சரி. தராமல் வாங்கினால் அந்தக் கத்தி இருவருக்கும் நடுவிலுள்ள உறவை அறுத்துவிடும். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட எங்கள் ஊரில் இது தெரியும். ஆகவே அந்தக் காசுக்கு ஒரே அர்த்தம்தான். பாக்கிஸ் சாவதற்கு முன் யாரோ அங்கே போயிருக்கிறார்கள். கத்தி கைமாறியிருக்கிறது. வாங்கியவர், அவரை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

எல்லாரும் பரோரேவைப் பார்த்தார்கள்.

“நான் அந்தப் பக்கமே போகல. சத்தியமா. கொம்பாரே, நீங்க சொல்லுங்க,” என்றான் அவன் என்னிடம். நியாயமான ஆளிடம்தான் கேட்டான். ஊரில் யார் எங்கே போனார்கள் என்று எனக்குத்தானே தெரியும்.

நான் ரொட்டியைக் கீழே வைத்தேன். “காலைல அந்தப் பாதைல ஒரு ஆளப் பாத்தேன். பரோரே மாதிரிதான் இருந்துச்சு,” என்றேன். பிறகு கொஞ்சம் யோசித்து, “இல்ல இல்ல, வேற யாராவதா இருக்கும். எனக்கு இப்பல்லாம் தூரப்பார்வ சரியில்ல,” என்றேன்.

இரண்டாவது வாக்கியத்தை நான் சொல்லியிருக்காவிட்டால் யாரும் முதல் வாக்கியத்தை நம்பியிருக்க மாட்டார்கள். இது அனுபவத்தில் வருகிற விஷயம்.

பரோரே எழுந்து போய்விட்டான். நான் குழம்பைத் துடைத்துச் சாப்பிட்டேன். கத்தி அப்போது என் வீட்டில், என் மனைவி உயிரோடிருந்தபோது ஜெபமாலை வைத்திருந்த இழுப்பறையில் இருந்தது.

அது எனக்கு எப்படி உரியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொன்னால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

பாக்கிஸும் நானும் பழைய மடக்குக்கத்திகள் சேர்ப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வீட்டில் கூடுவோம். திறந்த கத்தியைக் கையோடு கை கொடுக்க மாட்டோம். மேசைமேல் வைப்போம், மற்றவர் எடுத்துப் பார்ப்பார். கிராஸியா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, “ரெண்டு கெழவனுங்களும் பொம்ம வச்சு வெளையாடுங்க” என்று சொல்லிவிட்டுப் போவாள். நல்ல நாட்கள்தான்.

ஒருநாள் மேல்மலை ஊர்க்காரி ஒருத்தி என் பஸ்ஸில், என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, இறந்துபோன தன் புருஷனின் கத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். பிடியின் நிறம், அலகின் அடியில் இருக்கும் எழுத்து, எல்லாம். எனக்கு ஸ்டியரிங்கைப் பிடித்த கை வியர்த்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பாக்கிஸிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு நல்ல சேதியை வைத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பது எனக்கு எப்போதும் கடினம். விடுமுறை கிடைத்ததும் அவளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். “போங்க கொம்பாரே, கண்டிப்பாப் போங்க,” என்றார்.

மறுநாள் காலை அவர் என் பஸ்ஸில் ஏறினார். பல் பிடுங்கப் போகிறேன் என்றார். டிக்கெட்டை நான்தான் கிழித்துக் கொடுத்தேன். மாலையில் என் பஸ்ஸிலேயே திரும்பி வந்தார். இறங்கும்போது, எல்லாரும் பார்க்கப் பையிலிருந்து அந்தக் கத்தியை எடுத்துக் காட்டி, “பல்லு வலிக்கல கொம்பாரே. சுகமா வந்துருச்சு,” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். பஸ்ஸில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள்.

வாங்கியதுகூடப் போகட்டும். அவர் அதை வைத்துக்கொண்ட விதம்தான் என்னை உறுத்தியது. என் கத்திகள் கம்பளித் துணியில் சுற்றி, எண்ணெய் தடவி, பெட்டியில் இருக்கும். கைப்பழக்கத்துக்கென்று ஒரு மட்டமான கத்தியை மட்டும் பையில் வைத்திருப்பேன். பாக்கிஸ் அந்தக் கிடாக்கொம்புப் பிடிக் கத்தியையே கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். அதனால் ஆரஞ்சு உரித்தார், பன்றி இறைச்சி அரிந்தார். ஒருநாள் மூக்குக்கண்ணாடியின் திருகை முடுக்கினார். இன்னொரு நாள் பூட்ஸின் அடியிலிருந்த சேற்றைச் சுரண்டினார். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

“கத்தின்னா வெட்டணும் கொம்பாரே,” என்பார். “உங்க வீட்டுக் கத்தியெல்லாம் கன்னியர் மடத்துல சேத்துவிட்ட மாதிரில்ல இருக்கு. பாவம், வெளியவே விட மாட்டேங்குறீங்க.”

“எங்கிட்ட குடுத்துடுங்க. நான் பாத்துக்குறேன்.”

“நான் செத்தப்புறம் எடுத்துக்குங்க. யாரு வேணாங்குறா?”

இதை அவர் ஒருமுறை அல்ல, பலமுறை சொல்லியிருக்கிறார். கிராஸியாவே கேட்டிருக்கிறாள், அவளைக் கேளுங்கள். சட்டப்படி இது செல்லுமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் வாய்ச்சொல் செல்லும்.

இனி அந்தக் காலை.

வசந்தகாலம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. மலைச்சரிவில் காட்டுக்கீரைத் தண்டு முளைத்திருக்கும் என்று ஒரு பையை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கட்டு அறுத்துச் சேர்த்திருப்பேன். பாக்கிஸின் திராட்சைத் தோட்டத்துக்கு இறங்கும் பாதையில் திரும்பியபோது அவருடைய மூன்று சக்கர லோடு வண்டி பக்கவாட்டில் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தேன். கொடிக்கு ஊன்றும் கழிகளை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். கட்டிய பட்டையை இறங்கி நின்று இறுக்கும்போது ஈரமண்ணில் வண்டி சறுக்கியிருக்கிறது. கழிகளின் பாரம் ஒரு பக்கம் தொங்க, பட்டை அவர் மார்புக்குக் குறுக்கே விழுந்து, முதுகைக் கல்சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. வலது கை உள்ளே மாட்டியிருந்தது. இடது கை மட்டும் வெளியே.

“யாரு, கொம்பாரேவா?” என்றார். குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. “நல்லவேள. பஸ்ஸு இன்னிக்கு நேரத்துக்கு வந்துருச்சு.”

“என்ன கொம்பாரே இது கோலம்?”

“பெல்ட்டக் கொஞ்சம் இறுக்கிப் போட்டுட்டேன். வலது பைல கத்தி இருக்கு பாருங்க. எனக்கு எட்டல. எடுத்து இந்தப் பட்டைய அறுத்து விடுங்க. பாரம் அந்தப் பக்கம் விழுந்துரும்.”

அவர் சொன்னது சரிதான். அறுத்தால் பாரம் பள்ளத்தில் விழும், அவர் வெளியே வந்துவிடுவார். நான் பார்த்த உடனே எனக்கும் அது புரிந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது பட்டை கொஞ்சம் இடம் கொடுத்தது. வெளியே விட்டதும் அந்த இடத்தையும் சேர்த்துத் தனக்கு எடுத்துக்கொண்டது.

அவர் பையில் கையை விட்டுக் கத்தியை எடுத்தேன். உடம்புச் சூட்டில் பிடி வெதுவெதுப்பாக இருந்தது. விரித்தேன். அலகின் முனைக்குக் கொஞ்சம் கீழே விளிம்பு உடைந்து ஒரு பல் விழுந்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அது இல்லை.

“இது எப்படி ஆச்சு?” என்று கேட்டேன்.

“எது?”

“முனைல. பல்லு விழுந்திருக்கே.”

“கம்பி அறுத்தேன் கொம்பாரே. வேலிக்கம்பி. அப்புறமாத் திட்டுங்க. இப்ப அறுங்க.”

வேலிக்கம்பி, ஐயா.

நான் அந்தப் பட்டையைப் பார்த்தேன். நைலான். துறைமுகத்தில் லாரிக்காரர்கள் போட்டுக் கட்டுவது. உள்ளங்கை அகலம். மணலும் சரளையும் ஏறி அதன் விளிம்பு ரம்பம்போல் ஆகியிருந்தது. அந்த அலகை அதில் வைத்து இழுத்தால் என்ன ஆகும் என்று கத்தி தெரிந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். ஒரு பல் விழுந்ததைச் சாணை பிடித்துச் சரிசெய்துவிடலாம். அலகு முழுக்கச் சிதைந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

“கொஞ்சம் பொறுங்க,” என்றேன்.

மறுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முடியாது என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன். கத்தியை வெயிலில் திருப்பிப் பார்த்தேன். அத்தனை நாளில் அதை இவ்வளவு நேரம் என் கையில் வைத்துப் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் உடனே திருப்பிக் கேட்டுவிடுவார்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பார் போல. உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. பிறகு அது போய்விட்டது.

“குடுத்துடுறேன்,” என்றார். “கத்திய நீங்களே வச்சுக்குங்க. அறுத்து மட்டும் விடுங்க.”

இதையும் குறித்துக்கொள்ளுங்கள். கொடுத்துவிடுகிறேன் என்று அவர் வாயாலேயே சொன்னார்.

அதற்குப் பிறகு அவரால் அதிகம் பேச முடியவில்லை. பேசுவதற்கு மூச்சை வெளியே விட வேண்டுமே. கடைசியாக அவர் சொன்னது, “வெளையாடாதடா நன்னெட்டு.” மிகெலாவின் ஞானஸ்நானத்துக்குப் பிறகு அவர் என்னை டா போட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. நான் பதிலுக்கு அப்படிப் பேசவில்லை.

ஏன் ஓடிப்போய் யாரையும் கூப்பிடவில்லை என்கிறீர்கள். பக்கத்து ஆட்டுப்பட்டி மேட்டுக்கு அந்தப் பக்கம். எனக்கு முழங்கால் சரியில்லை. தவிர, அவரை அந்த நிலைமையில் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கூடவே இருந்தேன்.

எல்லாம் அடங்கியதும் கத்தியை மடக்கினேன். அப்போதுதான் காசு ஞாபகம் வந்தது. அவர் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். சும்மா வாங்கிக்கொண்டு போக நான் என்ன நாடோடியா? பையைத் துழாவினேன். ஒரு ஐம்பது லிராதான் இருந்தது. அதை அவர் இடது உள்ளங்கையில் வைத்தேன். வைத்ததும் விரல்கள் தாமாகவே மூடிக்கொண்டன. அப்படியானால் அப்போது உயிர் இருந்திருக்க வேண்டும் என்று உங்கள் டாக்டர் சொல்கிறாராம். இருக்கலாம். நான் அதைச் சம்மதமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது நீங்கள் கேட்கிறீர்கள், கீரைத்தண்டை எதைக் கொண்டு அறுத்தாய் என்று.

கெட்டிக்காரர் ஐயா நீங்கள். இதுவரை வேறு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. என் கத்தியால்தான் அறுத்தேன். பையில் வைத்திருக்கும் மட்டமான கத்தி என்றேனே, அது. முந்தின நாள்தான் தீட்டியிருந்தேன். அது அந்தப் பட்டையை அறுத்திருக்குமா என்றால், அறுத்திருக்கும். கெட்டுப்போனாலும் நஷ்டமில்லாத கத்தி. அது முழு நேரமும் என் பையிலேயே இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். தோன்றியது. அவர் தன் கத்தியைத்தானே எடுக்கச் சொன்னார்.

அதன் பிறகு நடந்ததில் எனக்கு அதிக வேலை இல்லை. ஊர் தன் வேலையைத் தானே செய்துகொண்டது. பரோரேவின் சீஸை வாங்க ஆள் இல்லாமல் போனது. காப்பிக்கடையில் அவன் உட்கார்ந்தால் அந்த மேசை காலியாகும். யாரோ அவன் வீட்டுக் கதவில் ஐம்பது லிராக் காசு ஒன்றை ஆணி வைத்து அடித்தார்கள். அது நான் இல்லை. எனக்கு அது அதிகப்படியாகத்தான் பட்டது, அப்படியே நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். அறுவடைக்கு முன் அவன் ஆடுகளை விற்றுவிட்டு ஜெர்மனிக்குப் போய்விட்டான். போகும்போது என்னிடம் வந்து, “கொம்பாரே, அன்னிக்கு நீங்க ஒருத்தர்தான் எனக்காகப் பேசுனீங்க,” என்று கையைப் பிடித்துக்கொண்டான். அவன் ஞாபகத்தில் இரண்டாவது வாக்கியம்தான் தங்கியிருந்தது.

கத்தியைச் சாணை பிடித்து அந்தப் பல்லை எடுத்தேன். கொம்புக்கு எண்ணெய் ஊற வைத்தேன். என் வாழ்நாளில் நான் செய்த சிறந்த வேலை அதுதான். ஆனால் மேசைமேல் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ குறைந்தது. ஊரில் இருப்பவர்களுக்கு அது ஒரு பழைய கத்தி, அவ்வளவுதான். அந்த வளைவைத் தடவிப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். காப்பியும் இரண்டு கோப்பை போட்டுவிடுவேன், பழக்கதோஷம். ஒரு சேதி எனக்கு மட்டும் தெரிந்து, ஊரில் ஒருவரிடமும் சொல்ல முடியாமல் போனது அதுதான் முதல் தடவை. சோறு இறங்கவில்லை. இளைத்துப்போனேன். கொம்பாரேவின் துக்கம் என்று ஊர் பேசிக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

குளிர்காலத்தில் கிராஸியா வந்தாள். கறுப்புச் சால்வையை எடுக்காமலே உட்கார்ந்தாள்.

“பரோரேகிட்டருந்து ஏதாவது சேதி உண்டா?” என்று கேட்டேன்.

“இருக்கான். கொம்பாரே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உங்க தங்கச்சி ஒரு கத்தி குடுத்தா பதிலுக்குக் காசு குடுப்பீங்களா?”

“கூடப் பொறந்தவளுக்கு எதுக்குக் காசு? அந்த உறவ எது அறுக்கப் போவுது?”

“அதத்தான் நானும் நெனச்சேன். இத்தன நாள் கழிச்சுத்தான் புத்தி வந்துச்சு. அண்ணன் தம்பிக்குள்ள யாரும் காசு குடுக்குறதில்ல.”

இது ஊருக்கே தெரிந்த விஷயம். கோபத்தில் மறந்துவிட்டார்கள். எனக்கு அன்றைக்கே ஞாபகம் இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

“திருடன் காசு வைக்க மாட்டான்,” என்று அவள் தொடர்ந்தாள். “வெளியூர்க்காரனுக்கு வழக்கம் தெரியாது. அப்ப யாருதான் வைப்பா?”

“சிநேகிதன் வைப்பான்,” என்றேன். அப்படிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, வானிலையைப் பற்றிப் பேசுகிற மாதிரி, “இந்தக் குளிர் காத்துக்கு கொம்பெல்லாம் வெடிச்சுப் போயிருக்கும். எடுத்தவனுக்கு அந்தப் பக்குவம் எங்க தெரியப் போவுது,” என்றாள்.

“வெடிக்கல. எண்ணெயிலயே வச்சிருக்கேன்,” என்றேன்.

கத்தி தெரிந்தவனால் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட முடியாது. அவளுக்கு அது தெரிந்திருந்தது. முப்பது வருஷம் இரண்டு பேருக்குக் காப்பி போட்டவள் அல்லவா.

அவள் அழவில்லை. எழுந்து நின்றாள். “மிகெலாவுக்குச் சம்மந்தம் பேசியாச்சு,” என்றாள். “அப்பனக் கொன்னது ஞானத்தகப்பன்தான்னு தெரிஞ்சா எந்த வீட்டுக்காரன் பொண்ணெடுப்பான்? அது நடக்கட்டும். அதுவரைக்கும் தெருவுல பாத்தா வணக்கம் சொல்லுங்க. நானும் சொல்லுவேன்.”

சொன்னபடியே நடந்துகொண்டாள். நானும் நடந்துகொண்டேன். தினமும் காலையில் ரொட்டிக்கடை வாசலில் “நல்லாருக்கீங்களா கொம்பாரே,” “நல்லாருக்கேன்.” ஓடிப்போயிருக்கலாமே என்கிறீர்கள். எதற்கு ஓட வேண்டும்?

கல்யாணம் ஈஸ்டர் முடிந்து நடந்தது. மாப்பிள்ளை கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். நல்ல பையன், காது மட்டும் கொஞ்சம் பெரிது. கொம்பாரேவுக்குக் கால் வலி, வர முடியாது என்று கிராஸியா எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். எனக்குக் கால் வலி இல்லை. ஆனால் மறுத்தும் பேசவில்லை, அவள் வீட்டுக் கல்யாணம். கோயில் மணிச் சத்தம் என் ஜன்னலுக்கு நன்றாகக் கேட்டது. மிகெலாவும் மாப்பிள்ளையும் ஜெனோவாவில் குடியேறிவிட்டார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிராஸியாவும் அவர்களோடு போய்விட்டாள். கப்பலுக்குப் போகிற வழியில் டாக்ஸியை நிறுத்தச் சொல்லி உங்களிடம் வந்தாளாம். நீங்கள் என் வீட்டுக்கு வந்தபோது நானே இழுப்பறையைத் திறந்து கொடுத்தேன். அலகில் விரல் படாமல் பிடியுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். உங்கள் ஆள் கேட்கவில்லை.

பரோரே திரும்பி வரப்போவதில்லை என்று கேள்வி. உண்மை தெரிந்ததும் ஊர்க்காரர்கள் வரச் சொல்லிச் சொல்லி அனுப்பியும் மாட்டேன் என்றுவிட்டானாம். அங்கே ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை பார்க்கும் போர்ச்சுகல்காரியைக் கட்டிக்கொண்டானாம். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். பாக்கிஸின் வீட்டை ரோமிலிருந்து வந்த யாரோ வாங்கிவிட்டார்கள். இங்கே அடைத்து வைத்திருந்தாலும் சேதி என்னவோ வந்து சேர்ந்துவிடுகிறது.

வராதது ஒன்றுதான். கல்யாணமானால் எங்கள் பக்கத்தில் சர்க்கரைப் பாகு பூசிய பாதாம்பருப்பைத் துணியில் முடிந்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். ஞானத்தகப்பனுக்கு எல்லாரையும்விடப் பெரிய முடிச்சு வரும். எனக்கு இன்னும் வரவில்லை. அந்தப் பிள்ளைமேல் எனக்கு வருத்தமில்லை. புது ஊர், புதுக் குடித்தனம், ஆயிரம் வேலை இருக்கும். நான் வீடு மாறி இங்கே வந்திருப்பதும் அவளுக்கு எப்படித் தெரியும்? சாட்சி சொல்ல அவளைக் கூப்பிடுவீர்கள் அல்லவா, அப்போது இந்த விலாசத்தை மட்டும் மறக்காமல் அவளிடம் கொடுத்துவிடுங்கள்.